காற்றுக்குமா சோகை? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை

ஆடி பிறந்ததும் என் மனைவி மரகதத்தைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போன தை மாதம் அவளைப் பெண் பார்க்க ராயபுரம் போய், அப்படியே எண்ணூர் வரை போய்வந்த பயணம் இது. அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்காக வழியும் கட்டணமும் சொல்கிறேன். நடுநடுவே கல்யாணக் கதை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து நான், அக்கா, அத்தான் என மூன்று பேர் கிளம்பினோம். அத்தானுக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். நான் பள்ளிக்கூட வாத்தியார். என் சட்டைப்பையில் எஸ்பெராந்தோ கற்றுக்கொள்ளும் சின்னப் புத்தகம் ஒன்று இருந்தது. உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும் என்று ஐரோப்பாவில் ஒருவர் உண்டாக்கிய பாஷை அது. மனிதர்கள் எல்லோரும் ஒரே பாஷை பேசினால் சண்டையே வராது என்று ரயிலில் மணியாச்சி தாண்டும்போது ஆரம்பித்தவன், மதுரை வரை நிறுத்தவில்லை.

"எல்லாரும் ஒரே பாஷை பேசுனா யாவாரிக கடையில வச்சு ரகசியம் பேசுதது எப்படிடே?" என்று கேட்டுவிட்டு அத்தான் தூங்கிப்போனார்.

மறுநாள் காலை எழும்பூரில் இறங்கி, பாரிமுனைக்கு ஒரு டிராம், அங்கிருந்து ராயபுரத்துக்கு இன்னொரு டிராம். மூட்டை முடிச்சு குறைவாக இருந்தால் டிராமே போதும், ஆளுக்கு இரண்டணாவுக்குமேல் ஆகாது. ராயபுரத்தில் இறங்கியதுமே கருவாட்டு வாசமும் கப்பல் சங்கும் சேர்ந்து வரவேற்கும். பெண்ணின் அப்பாவுக்கு அங்கே கயிற்றுக்கடை. அவர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். ஆனால் இரண்டு தலைமுறைக்கு முன்பே பட்டணம் வந்துவிட்டதால், பேச்சு அந்த ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டது.

வாசலில் பெண்ணின் அத்தை வாயெல்லாம் பல்லாக நின்றார். "வாங்க, வாங்க! நாஷ்டா ஆச்சா?"

அத்தானுக்கு முகம் செத்துவிட்டது. வியாபாரி வீட்டில் 'நஷ்டம்' என்ற சொல்லை விளையாட்டுக்குக்கூடச் சொல்லமாட்டோம். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில், அதுவும் வாசலிலேயே! அத்தான் விறைப்பாக, "நமக்கு நஷ்டமெல்லாம் கிடையாதுங்க. இந்த வருசம் நல்ல லாபம்" என்றார்.

"இன்னும் இல்லியா? அய்யய்யே, இம்மா நேரமா பசியோட கீறீங்களா!" என்று அத்தை உள்ளே ஓடினார். ஆப்பமும் வடகறியும் வந்தபிறகுதான் நாஷ்டா என்றால் காலைப் பலகாரம் என்பது எங்களுக்கு விளங்கியது. அத்தான் ஏழு ஆப்பம் சாப்பிட்டார்.

காப்பி கொண்டுவந்த மரகதம் என் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்தக் காப்பி ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

நாங்கள் முதலில் போய்த் திருவொற்றியூர் அம்மனைக் கும்பிட்டுவிட வேண்டியது, பெண் வீட்டார் பின்னாலேயே ரயிலில் வந்து எண்ணூரில் சேர்ந்துகொள்ள வேண்டியது, அங்கேயே பேசி முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. நாங்கள் குதிரை ஜட்காவில் ஏறும்போது தெருவில் டிராம் மணி கணகணவென்று அடித்தது. அந்தச் சத்தத்தில் அத்தை பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"கேட்டியளா? என் தம்பி சோகையா இருக்கானாம்! ரத்தமில்லாத பயன்னு தெருவுல நின்னு சொல்லுதாவ. இந்தச் சம்பந்தமே வேண்டாம். சாமியக் கும்பிட்டுட்டு நேரே எழும்பூருக்குப் போவோம்."

நான் ஒல்லிதான், மறுக்கவில்லை. ஆனால் அக்கா ஒன்று நினைத்துவிட்டால் அத்தானாலும் அசைக்க முடியாது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் நாலு மைல், ஜட்காவுக்குப் பன்னிரண்டணா. கடலோரமாகவே போகும் அருமையான பாதை என்று சொல்கிறார்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

தண்டையார்பேட்டை தாண்டியதும் வண்டிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "காத்து சோக்கா கீதுல்ல, நைனா?" என்றார் அத்தானிடம்.

அக்கா வெடுக்கென்று திரும்பினாள். "காத்துக்குமா சோகை?"

"இன்னாம்மா சோகை? சோக்கா கீதுன்றேன். ஜோரா, ஷோக்கா!"

அத்தான் அக்காவைப் பார்த்தார், அக்கா வண்டிக்காரரைப் பார்த்தாள். பிறகு அத்தான் சிரிக்க ஆரம்பித்தார். "நாஷ்டாவுல நான் விழுந்தேன், சோக்காவுல நீ விழுந்துட்ட!" என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கிற்று. எனக்கு அந்த வண்டிக்காரரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அம்மனுக்கு இரண்டு தேங்காய் உடைத்தேன்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்கு ரயிலில் மூன்றாம் வகுப்பு இரண்டணா. ஸ்டேஷனிலிருந்து முகத்துவாரத்துக்கு மணலில் நடக்கவேண்டும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி, நடுவே நெட்டுக்குப்பத்து மீனவர்கள் காயப்போட்ட வலைகள். பெண் வீட்டார் எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். போனதும் போகாததுமாக அத்தான் சோகைக் கதையை அவர்களிடம் சொல்லிவிட்டார்.

பெரியவர்கள் முன்னே நடக்க, மரகதம் கொஞ்சம் பின்தங்கினாள். "அந்தப் புஸ்தகம் இன்னாது?" என்று கேட்டாள். நான் உற்சாகமாக விளக்கினேன்.

"ஒலகம் பூரா ஒரே பாஷையா? யாரு பாஷை? உங்குளுதா, எங்குளுதா?"

"நாம ரெண்டு பேரும் பேசுறது தமிழ்தானே!"

"அப்போ உங்க அக்கா ஏன் கோச்சிக்கினு வண்டி ஏறினாங்க?"

மதுரை வரை பேசியவன், புத்தகத்தைச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் தள்ளினேன். அவள் இந்தமுறை உதட்டைக் கடிக்காமல், வாய்விட்டே சிரித்தாள். சத்தம் கேட்டு முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எங்கள் இருவரையும் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி சொன்னாள்: "பொண்ணு சோக்கா கீதுல்லா!"

வைகாசியில் கல்யாணம்.

எண்ணூர் போகிறவர்கள் தை, மாசியில் போங்கள், வெயிலைத் தாங்கலாம். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், கழித் தண்ணீர் உப்பு. கழியைத் தாண்டிக் காட்டுப்பள்ளிப் பக்கம் போக விரும்பினால், ஓடக்காரரிடம் முதலிலேயே கூலி பேசிக்கொள்ளுங்கள். உலகத்துக்கு ஒரே பாஷை வேண்டுமா என்றால், பொதுவாக ஒன்று இருந்தால் நல்லதுதான் என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு எங்களுக்குள் ஒரே பேச்சு இருந்திருந்தால் அந்த ஏழு ஆப்பமும் இல்லை, அந்தச் சிரிப்பும் இல்லை.

ராயபுரத்தில் யாராவது "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டால், சாப்பிட்டிருந்தாலும் இல்லையென்றே சொல்லுங்கள். ஆடி பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஆடி முடியட்டும் என்கிறாள் அக்கா. நான் டிக்கெட் எடுத்துவிட்டேன்.