குழாய்த் தண்ணீரின் மானம்

என் அம்மா பல் தாதி, பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல் பார்க்கும் நர்ஸ். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எல்லாருக்கும் அவர் ‘மிஸ்ஸி’; நர்ஸ்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எழுபதுகளில், பல் சொத்தையாகாமல் இருக்கக் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்க ஆரம்பித்தபோது, ஏதோ அவரே தொட்டியில் ஏறிக் கலக்கியதுபோல அதற்குப் பரிந்து பேசுவார். எதிர்வீட்டு அங்கிளுக்கோ அது விஷம். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துத்தான் குடிப்பார்.

“நம்மளக் கேக்காமலே நம்ம வாயில மருந்து ஊத்துறானுங்க. நியாயமா மிஸ்ஸி?”

“என் மக பல்லப் பாருங்கண்ணே. ஒரு சொத்தை இருக்கா?”

சாட்சி நான்தான். சந்தையில் மாட்டின் பல்லைக் காட்டுவதுபோல என் தாடையைப் பிடித்துத் தெருவுக்கே காட்டுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அம்மாவுக்குத் தண்ணீர் மட்டும் போதவில்லை. குழாய் போகாத ரப்பர் தோட்டங்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஃபுளோரைடு மாத்திரையையும் சின்ன வயதிலிருந்தே தினமும் எனக்குக் கொடுத்தார். நானும் மிட்டாய் மாதிரி சப்பித் தின்றேன். பால்பல் விழுந்து முன்பற்கள் முளைத்தபோது அவற்றில் ஃபுளோரைடு மிஞ்சியதால் திட்டுத் திட்டாக வெள்ளை. அங்கிள் விடுவாரா?

“வாத்தியார் புள்ள மக்குன்னு சும்மாவா சொன்னாங்க!”

 அதன் பிறகு அம்மா என் தாடையைத் தொடவே இல்லை.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் பள்ளிக்குப் பல் பார்க்க அம்மாவே வந்தார். நாற்காலியில் ஒவ்வொருவராக உட்காரவைக்கும் முன் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்தினார். குழாய்த் தண்ணீர் குடித்தால் பல் கெட்டியாகும் என்றார். பின்வரிசைக்காரி ஒருத்தி கை தூக்கினாள்.

“அப்ப உங்க மக பல்லு மட்டும் ஏன் மிஸ்ஸி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?”

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. உதட்டை இறுக்கிக்கொண்டேன். தண்ணீர்மேல் தப்பில்லை, மாத்திரையை நான்தான் கூடுதலாகக் கொடுத்துவிட்டேன் என்று அம்மா சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அதை எப்படித் திரித்துச் சொல்வார்களோ, நாளைக்கு எல்லார் வீட்டிலும் டிரம் வைத்துவிடுவார்களோ என்று பயந்திருப்பார். இப்போது யோசித்தால் புரிகிறது.

“அவ ஒழுங்கா பல் விளக்குறதில்ல,” என்றார் அம்மா.

காலையும் இரவும் பக்கத்தில் நின்று என்னை விளக்க வைத்தவரே அவர்தான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவமானத்தில் என் காதெல்லாம் எரிந்தது. அம்மாவின் முகமும் சிவந்துதான் போயிருந்தது, ஆனாலும் விடவில்லை.

“அப்படித்தானே?” என்று என்னிடமே கேட்டார்.

“ஆமா, மிஸ்ஸி,” என்றேன்.