மூன்றாவது சுவிட்ச்

அரிசி மணி அளவில் எட்டு வெள்ளைச் சுவிட்சுகள். கார் அலாரத்தின் ரிமோட்டைத் திருகிக் கழற்றினால் உள்ளே வரிசையாக உட்கார்ந்திருக்கும், சிலது மேலே, சிலது கீழே. காரின் டேஷ்போர்டுக்கு அடியில் மறைத்து வைத்த அலாரம் பெட்டியிலும் அதே மாதிரி எட்டு. இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால்தான் கார் ரிமோட்டின் பேச்சைக் கேட்கும். இதை எனக்குச் சொன்னவர் என் சகலை. சொன்ன விதத்தில் தலைக்கனம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

எண்பதுகளின் கடைசி அது. பழவேற்காட்டில் எந்த வண்டியில் விளக்கு எரியாவிட்டாலும் அதுவரை என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் மனைவியின் தங்கை கணவர் துபாயில் ஒரு கார் பட்டறையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தார். அன்றோடு போனது என் மவுசு. பக்கத்து ஊரான தோணிரேவில் மாமனார் வீட்டுக்குப் போனால் பெரிய நண்டு அவர் தட்டில்தான் விழும். "சின்ன மாப்ள கைய வச்சா போதும், வண்டி எழுந்து ஓடுது" என்று மாமனார் எனக்கே சொல்வார். மூத்த மாப்பிள்ளை ஒருவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறானே என்ற நினைப்பே இருக்காது. எனக்கு வயிறு பற்றி எரியும்.

அப்போது இறால் வியாபாரம் செய்த பாய் ஒருவர், தன் ஐஸ் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். மாதச் சம்பளம். அந்த வேலை கிடைத்தால் என் பையனைப் பொன்னேரியில் சேர்த்துப் படிக்க வைத்துவிடலாம். நானா, சகலையா என்று பாய் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், தன் கார் அலாரத்தின் இரண்டு ரிமோட்டுகளில் ஒன்றை இறால் ஏலம் போடும் இடத்தில் தொலைத்தார். எடுத்தவன் காரைத் திறந்துவிடுவானோ என்று பயம். சுவிட்ச் வரிசையையே மாற்றிவிட்டால் தொலைந்தது செல்லாது என்றார் சகலை. உதவிக்கு என்னைக் கூப்பிட்டார்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வெளியே நின்றபடி மிச்சமிருந்த ரிமோட்டில் ஊசியால் புது வரிசையை அமைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பெட்டியில் அப்படியே வைக்க வேண்டும். "மேல. மேல. கீழ." மூன்றாவதை நான் மேலே தள்ளினேன். கை தவறவில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

வயரை மாட்டியதும் கார் அலறியது. ரிமோட்டை அழுத்தி அடக்க வேண்டும். சகலை அழுத்தினார், அடங்கவில்லை. மெட்ராசிலிருந்து இறால் வாங்க வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாப்பா, இதுக்குத்தான் துபாய் போய்ட்டு வந்தியா?" நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. அந்த நேரத்தில் நான்தான் கெட்டிக்காரன்.

சகலை தானே அடியில் படுத்துப் பார்த்தார். சரிசெய்துவிட்டு எழுந்தவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பாயிடம் திரும்பி, "எம்மேலதான் தப்பு பாய். மூணாவத மாத்திச் சொல்லிட்டேன்" என்றார். வேலை எனக்குக் கிடைத்தது.

அடுத்த மாதமே அவர் மறுபடி துபாய் கிளம்பினார். பொன்னேரி ஸ்டேஷன் வரைக்கும் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன். ரயில் வருவதற்குள் மெதுவாகக் கேட்டார். "அண்ணே, மூணாவது கீழன்னுதானே சொன்னேன்?" கோபமே இல்லாத குரல். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இல்ல சகல, மேலன்னுதான் சொன்ன" என்றேன். "அப்ப சரிண்ணே" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

என் பையன் படித்து நல்ல வேலையில் இருக்கிறான். சகலை அங்கே சொந்தப் பட்டறை வைத்துவிட்டார். ஊருக்கு வந்தால் முதலில் என் வீட்டுக்குத்தான் வருகிறார். "அண்ணி, உங்க கொழம்புக்காகவே வரலாம்" என்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் கோரைப்பாயை விரித்துப் படுத்த உடனே தூங்கிப்போகிறார். அவர் பட்டறையைப் பார்த்துக்கூட எனக்கு அவ்வளவு பொறாமை கிடையாது. என் வீட்டில், என் எதிரில், அவருக்கு அப்படித் தூக்கம் வருகிறதே, அதைப் பார்த்தால்தான் இன்றைக்கும் எரிகிறது.