அம்மா போடாத கையெழுத்து

ஜேர்மனியின் எசன் நகருக்கு வந்த இரண்டாவது வருடம் எனக்குப் பதினாறு வயது. அக்காவோடும் அத்தானோடும் அகதிகள் விடுதியில் இருந்தேன். பள்ளியில் என் பக்கத்து மேசைக்காரி வேட்டை உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்டில் பதினாறு வயதிலேயே அதை எடுக்கலாம். ஆனால் சோதனையில் தேற வேண்டும். பதினெட்டு ஆகும்வரை பெரியவர் ஒருவர் இல்லாமல் வேட்டைக்குப் போகக் கூடாது. இடைவேளைகளில் நான் கேள்விகளை வாசிப்பேன், அவள் பதில் சொல்வாள். எந்த மானை எந்த மாதத்தில் சுடக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு முன்பே எனக்குப் பாடமாகிவிட்டது.

சுடுகிற துவக்கின் மேல் எனக்கு ஆசையில்லை. அவளும் தகப்பனும் விடியற்காலையில் ஒன்றாகக் காட்டுக்குப் போவதைச் சொல்லும்போதுதான் மனம் கிடந்து அடித்தது.

அந்த வகுப்பை நடத்தியவரே அவளுடைய தகப்பன்தான். நானும் சேரலாமா என்று அவரிடம் கேட்டேன். அகதி வழக்கு முடியாதவனுக்கு உரிமம் கிடைக்குமோ தெரியாது, உரிமம் கொடுக்கும் கந்தோரில் விசாரிக்கிறேன் என்றார். எப்படியும் பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளைத் தந்தார். அப்பா இல்லை, அம்மா யாழ்ப்பாணத்தில். அக்கா வேண்டாம் என்று மறித்தும் கேளாமல் அம்மாவுக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. உள்ளே அந்தத் தாள் இல்லை.

"தம்பி, அதை அடுப்புக்குள்ள வைச்சிட்டன். துவக்கு எண்டு இனிக் கடிதத்தில எழுதாதை. இஞ்ச உன்ர வயசுப் பெடியளிட்ட ஒருத்தரும் சோதனையும் கேக்கிறேல்லை, கையெழுத்தும் கேக்கிறேல்லை. கையில குடுத்து விடுகினம். அதுக்குப் பயந்துதான் உன்னை அனுப்பினனான்."

விடுதிக் குளியலறைக்குள் நின்று அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அம்மாவுக்கு விருப்பமில்லை என்று மட்டும் அவளுடைய தகப்பனிடம் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை.

"சுடாமல் பக்கத்தில் இருக்க உரிமம் தேவையில்லை. நீயும் வா" என்றார்.

அவள் உரிமம் எடுத்த பிறகு, ஒரு காலையில் மூவரும் காட்டோரத்து மரப் பரணில் ஏறி இருந்தோம். பிறகு புல்வெளியில் ஒரு கலைமான் வந்து நின்றது. அவள் குறி பார்த்தாள். தூரம் அதிகம் என்று தகப்பன் அவள் தோளில் மெல்லக் கையை வைத்தார். அவள் துவக்கைத் தாழ்த்திய பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது. நான் மானைப் பார்க்கவில்லை.

விடிந்து நன்றாக வெளித்தபின் அவர்கள் இறங்கினார்கள். இன்னும் கொஞ்சம் இருக்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.