கோட்டைக் கீழறையில் எடுத்த படம்

என் கணவரின் கைகளை அந்த இரும்பு வளையத்துக்குள் மாட்டியது நீங்கள்தான் அண்ணை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் சொல்ல முடியாது.

போன கோடையில் ரொறன்ரோவிலிருந்து எங்கள் ஆட்கள் நாற்பது பேரை ஐரோப்பாவுக்குச் சுற்றுலா கூட்டிச் சென்றீர்கள். மலை உச்சியில் ஒரு பழைய கோட்டை. நிலத்தை விட்டு ஓடிய குடியானவர்களைப் பிடித்துவந்து, அந்தக் காலத்துப் பிரபு இந்தக் கீழறையில்தான் கட்டிவைத்தான் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். சுவரில் வளையங்கள் இன்னும் இருந்தன.

"வாரும் தம்பி, கைதி மாதிரி நில்லும், ஒரு படம் எடுப்பம். வீட்டிலயும் உமக்கு உதுதானே நிலைமை!" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"வேண்டாம் அண்ணை" என்றார் அவர். நீங்கள் விடவில்லை. கைகள் உள்ளே போனதும் நீங்கள் படம் எடுத்தீர்கள்; அவருடைய காற்சட்டை நனைந்தது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

திரும்பும் பஸ்ஸில்தான், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, ஊரில் இராணுவ முகாமில் தன்னைச் சுவரோடு கட்டி வைத்திருந்ததை என்னிடம் சொன்னார். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவருடைய அகதி விசாரணையில் மொழிபெயர்த்தவர் நீங்கள். அவர் அழுது சொன்ன ஒவ்வொரு சொல்லும் உங்கள் வாயால்தான் ஆங்கிலத்தில் வந்தது.

அந்தப் படத்தை இப்போது உங்கள் சுற்றுலா விளம்பரத்தில் போட்டு ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் ஒட்டியிருக்கிறீர்கள். அவர் வெளியே போவதையே விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஒன்றுகூடலுக்கு அன்று சிரித்த எல்லோரும் வருவார்கள். நானும் வருவேன். மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, எல்லாம் தெரிந்தும் ஏன் செய்தீர்கள் என்று அவர்கள் முன்னால் சொல்லுங்கள்.