களுதாவளை என்று சொன்னது

பனிச்சங்கேணியில் நான் ஆட்டோ ஓட்டுகிறேன். வெளிநாடு போய்த் திரும்பிய என் கூட்டாளிக்கு எய்ட்ஸ் என்பது ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். மட்டக்களப்பு கிளினிக்குக்கு அவனை ஏற்றிப் போனவன் நான். அங்கே அவன் தன் ஊர் களுதாவளை என்று சொன்னான். கிளினிக் கணக்கில் அந்த ஊரில் ஒரு நோயாளி கூடிப்போக, எங்கள் ஊர் சுத்தமாகவே இருந்தது. மனைவியையும் கூட்டிவரச் சொன்னார்கள். அதோடு அவன் போவதையே விட்டுவிட்டான். இறந்தபோது சயரோகம் என்று ஊர் நம்பியது.

போன கிழமை சுகாதாரக் கூட்டம். வந்த உத்தியோகத்தர், "எங்களுக்குத் தெரிஞ்ச அளவில இந்த ஊரில ஒருத்தருக்கும் எய்ட்ஸ் இல்ல" என்றார். அந்தத் 'தெரிஞ்ச அளவு' ஒருவர் காதிலும் ஏறவில்லை.

"எங்கட ஆக்களுக்கு நுளம்புக்கடி சொறியவே நேரமில்ல, சேர்" என்றார் ஒரு மீன்காரர். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி என் கூட்டாளியின் மனைவியும் சிரித்தாள். சொன்னால் அவள் இந்த ஊரில் இருக்க ஏலாது. சொல்லாமல் விட்டால் அந்தப் பாலை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

மறுநாள் பாலத்தடியில் ஆட்டோவை நிறுத்தி, அவன் நோயையும் கிளினிக்கில் ஊரை மாற்றிச் சொன்னதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"அவர் எந்த ஊரெண்டு சொன்னவர், அண்ணன்?"

"களுதாவளை."

"அங்க நமக்கு ஆரிருக்கா?"

"ஒருத்தருமில்ல, புள்ள. அதுக்குத்தான்."

"அப்ப நானும் அதையே சொல்றன்."

கிளினிக்கில் தாதி ஊரைக் கேட்டதும் அப்படியே சொன்னாள். தாதியின் முகம் மலர்ந்துவிட்டது.

"நானும் அங்கதான். எவடம்?"

"பிள்ளையார் கோயிலடி."

"கோயிலடியில ஆர்ர ஆக்கள்?"

எங்கள் பக்கத்தில் பேரைக் கேட்க முதல் இதைத்தான் கேட்போம். தாய், தகப்பன், குடி எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் வந்துவிடும். நான் ஆசையாகக் கேட்கிற பேச்சு. அன்றைக்கு அது கதவைச் சாத்தியது போல இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். எழும்பி ஓடப்போகிறாள் என்றே நினைத்தேன்.

தாதி பேனையைக் கீழே வைத்தார்.

"ஊர மறுகா பாப்பம், தங்கச்சி. கைய நீட்டுங்க. பிள்ளைக்கும் பாக்க வேணும்."

ஒரு கையை நீட்டினாள். பிள்ளையை என்னிடம் தரச் சொன்னேன். தரவில்லை.