நெஞ்சில் ஏறியிருந்தவன்

முதலில் வந்தது வலி இல்லை, பாரம். ஆக்லாந்தின் விரிப் பகுதியில் ஒரு கிடங்கில் இரவு வேலை முடித்து வந்து பகலில் மல்லாந்து படுத்தால், யாரோ நெஞ்சில் ஏறிக் குந்துவது போலிருக்கும். எழுந்து உட்கார்ந்தால் இறங்கிவிடும்.

அதை அம்மாவிடம் சொன்னேன், போதாதா? அம்மா உக்ரைன்காரி. கீவில் பொறியியல் படித்த அப்பாவைக் கட்டி யாழ்ப்பாணம் வந்து, எங்கள் தமிழையே கதைக்கப் பழகியவர். அவர் ஊரில் வீட்டுக்கொரு காவல் ஆவி உண்டு. பெயர் டொமொவிக். அடுப்புக்குப் பின்னால் இருப்பான். சில வேளை படுத்திருப்பவர் நெஞ்சில் ஏறி அழுத்துவான். அப்போது பயப்படாமல் ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம்.

"நன்மைக்கோ தீமைக்கோ எண்டு கேட்டனியோ?" என்றார் அம்மா.

"மூச்செடுக்கவே ஏலாமல் கிடக்கு. இதுக்குள்ள விசாரணை வேறயோ?"

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த நாள் கேட்டேன். பதில் வரவில்லை. கவிதை வந்தது.

அப்பா செத்து, வீட்டைப் பூட்டி, ஆக்லாந்து வந்த பிறகு எனக்கு ஒரு வரியும் வந்ததில்லை. இப்போது தலையணைகளில் சாய்ந்தபடி எழுதித் தள்ளினேன். அந்தக் கவிதைகளில், எங்கள் வெற்று யாழ்ப்பாண வீட்டில் டொமொவிக் நடந்தான். கூரை போன குசினியில் அடுப்படியைக் கூட்டினான். அப்பா உட்காரும் கதிரையைத் துடைத்தான். பாரம் கூடக் கூட வரிகளும் கூடின. வைத்தியரிடம் போக எனக்கு மனமில்லை. அம்மாவும் வற்புறுத்தவில்லை.

ஒருநாள் பக்கத்து மங்கரேப் பகுதியில் பஸ்ஸுக்கு ஓடியபோது இருமல் வந்தது. கைக்குட்டையில் இரத்தம்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் மதுரைக்காரப் பெண் டாக்டர்.

"படுக்குறப்ப எத்தனை தலையணை வைப்பீங்க?"

"மூண்டு."

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்குச்சா?"

"ஓம்."

எக்கோ எடுத்தார்கள் (ஒலியலையால் இதயத்தைப் படமாகப் பார்க்கும் சோதனை). சிறுவயதில் வந்தது ருமாட்டிக் காய்ச்சலாம் (தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்து இதயத்தைப் பழுதாக்கும் நோய்). என் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள கதவு) தடித்து ஒட்டியிருந்தது. உடனே மாற்றாவிட்டால் உயிருக்கு ஆபத்து.

"இத்தனை நாள் ஏங்க வரல?" என்றார் டாக்டர்.

எனக்குச் சாகப் பயமாக இருந்தது. குணமானால் டொமொவிக் போய்விடுவான், கவிதையும் போய்விடும் என்பதும் பயமாகவே இருந்தது. இரண்டையும் ஒரே மனம் நினைத்தது.

அறுவைச் சிகிச்சைக்கு முன் அம்மா என் பழைய செருப்பொன்றைக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தார். அவர் ஊர் வழக்கப்படி, வீடு மாறும்போது இப்படிச் செருப்பை வைத்து, 'எங்களோடு வா' என்று டொமொவிக்கை அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் அவன் பழைய வீட்டிலேயே நின்று அழுவான். எங்கள் வீட்டைப் பூட்டிய அவசரத்தில் அம்மா மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

"மறக்கேல்லைப் பிள்ளை. செத்தாலும் அப்பா அந்த வீட்டிலதான் இருக்கிறார். அவரைத் தனிய விட மனமில்லாமல் அவனைக் காவலுக்கு விட்டிட்டு வந்தனான். அவன் உன்னட்டையும் வந்து வந்து போறான் எண்டு நினைச்சன். இனி உனக்குத்தான் அவன் வேணும்."

குனிந்து, தன் மொழியில் அவனைக் கூப்பிட்டார். அப்பாவுக்கும் ஏதோ சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மல்லாந்து படுக்க முடியாமலிருப்பவர்களே, உடனே வைத்தியரிடம் போங்கள். ஆவியாக இருந்தால் அது காத்திருக்கும்; வால்வு காத்திருக்காது.

எனக்குப் பொருத்தியது உலோக வால்வு. வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) ஆயுளுக்கும் போட வேண்டும். இப்போது ஒரு தலையணைதான். ஆனால் அறை அமைதியானால் நெஞ்சுக்குள் 'டிக், டிக்' என்று கேட்கும். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன், ஒன்று போதும். நேரம் முன்பு வெளியே ஓடியது. இப்போது உள்ளே யாரோ நடக்கிறார்கள். எழுதும்போது வரிகள் அந்த நடைக்கு ஏற்ப விழுகின்றன.

வீட்டுக்கு வந்த அன்று அம்மா என் நெஞ்சில் காதை வைத்து, "நன்மைக்கோ தீமைக்கோ?" என்று கேட்டார். டிக், டிக்.

"வந்திட்டான்" என்று சிரித்தார். பிறகு காதை எடுக்காமலே அழத் தொடங்கினார். அங்கே, யாழ்ப்பாணத்து வீட்டில், அப்பா தனித்துப் போய்விட்டார்.