தாம்போதியிலை எவ்வளவு தண்ணி?

அக்காவுக்குக் கண்புரை வெட்டுறதுக்கு தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை திகதி குடுத்திருந்தாங்கள். இடது கண் முந்தியே போயிட்டுது. வலது கண்ணும் மங்கி, ஆக்களைக் குரலை வைச்சுத்தான் மட்டுக்கட்டுவா. காலமை எட்டு மணிக்கு அங்கை நிக்கவேணும், தவறினால் திரும்பவும் மாசக்கணக்கிலை காத்திருப்பு. அக்கா புங்குடுதீவிலை, நான் மருதனார்மடத்திலை. இடையிலை கடலுக்குள்ளாலை போற தாம்போதி ரோட்டு. கார்த்திகை மாசம், நாலு நாளா விடாத மழை.

முதல் நாள் பின்னேரமே விசாரணையைத் துவங்கிட்டன். உப்பிடியான விசயங்களிலை எனக்கு ஒரு விசர், மறைக்கேலாது. காலநிலைப் பக்கத்திலை "தாழ்வான இடங்களில் அவதானம்" எண்டு கிடந்தது. உது ஆருக்குத் தெரியாது? பேஸ்புக்கிலை ஒருத்தன் தாம்போதி மூழ்கின படம் போட்டிருந்தான். கீழை இன்னொருத்தன், "உது போன வருசத்துப் படம்" எண்டு எழுதியிருந்தான். கனடாவிலை இருக்கிற அக்காவின்ரை மகன் ராடர் படம் அனுப்பி, "மாமா, விடிய மழை விடும்" எண்டான். ஸ்னோவுக்குள்ளை இருந்துகொண்டு எங்கடை மழைக்குச் சாத்திரம் சொல்லுறார் துரை!

பிறகு ஆக்களுக்குப் போனிலை கோல் எடுத்தன். தாம்போதிக்கு இஞ்சாலை, வேலணையிலை தேத்தண்ணிக்கடை வைச்சிருக்கிறவர், "பஸ் போகுது அண்ணை" எண்டார். மோட்டார் சைக்கிளிலை மீன் கொண்டுவாறவன், "சைலென்சர் நனையேல்லை" எண்டான். அங்காலை இருக்கிற வாத்தியார், "முழங்கால் மட்டும்" எண்டார். அந்தாள் கட்டை, அவரின்ரை முழங்கால் என்ன உயரம்? பேப்பர் எடுத்துப் படம் கீறியே பாத்தன், என்ரை மனிசி விழுந்து விழுந்து சிரிச்சா. ஒருதரும் பொய் சொல்லேல்லை. ஆனா ஆளாளுக்குத் தாங்கள் போற வாகனத்துக்குத்தான் ரோட்டு. என்ரை பழைய காருக்கு ஒருதரிட்டையும் பதில் இல்லை.

கடைசியா அக்காவுக்கு எடுத்தன்.

"பஸ் சத்தம் கேக்குது, ரோட்டு இருக்கு. நான் பஸ்ஸிலை வாறன், நீ வேலணையிலை நில்லு."

எனக்கு வந்துதே கோவம்! "கண் தெரியாத மனிசியை பஸ்ஸிலை வரச்சொல்லிப்போட்டு நான் பாதி வழியிலை நிக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்? வாசலிலை வந்து ஏத்துவன், அசையாமல் இருங்கோ."

எங்கடை ஆக்களின்ரை வியாதி உது. கூட்டிக்கொண்டு போறதெண்டால் கார் வாசலிலை நிக்கவேணும், இல்லாட்டி மரியாதை போயிடும்.

விடிய ஆறு மணிக்கு வேலணைக்குப் போய்ப் பாத்தால் ரோட்டையே காணேல்லை. கரைக்கல்லுகள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நிக்குது. மெல்லக் காரை இறக்கினன். கொஞ்சத் தூரத்திலை எஞ்சின் இருமத் துவங்க, பின்னாலை எடுத்தன். அக்காவுக்குப் போன் அடிச்சன், எடுக்கேல்லை. திரும்ப அடிச்சன், இல்லை. நேரம் ஏழாகுது. என்ரை வீம்பாலை அக்காவின்ரை கண் போகப்போகுது எண்டு நினைக்க அழுகை வந்திட்டுது, ஏன் பொய் சொல்லுவான்?

அந்த நேரம் தண்ணியைக் கிழிச்சுக்கொண்டு பஸ் வந்துது. கொண்டக்டர் கையைப் பிடிச்சு இறக்கிவிட, அக்கா ஒரு பையோடை நிண்டா.

"தம்பி எங்கை?"

"இஞ்சை. ஏன் போனை எடுக்கேல்லை?"

"எடுத்தால் பஸ்ஸிலை வரவேண்டாம் எண்டு கத்துவாய். நேற்றே பஸ்காரனுக்குச் சொல்லி வைச்சிட்டன். சுணங்காமல் காரை எடு."

எட்டுக்குப் பத்து நிமிசம் இருக்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தம்.

புரை வெட்டி ரெண்டு நாளாலை புங்குடுதீவுக்குத் திரும்பிப் போகேக்கை மரியாதையை மூட்டை கட்டி வைச்சிட்டு, ரெண்டுபேருமே பஸ்ஸிலை போனம். தாம்போதியிலை இன்னும் தண்ணி வடியேல்லை. அக்கா கறுப்புக் கண்ணாடியை உயர்த்தி, யன்னலாலை ரெண்டு பக்கமும் பாத்தா.

"டேய், அண்டைக்கும் இவ்வளவு தண்ணியே?"

"இதைவிடக் கூட."

என்ரை கையை இறுக்கிப் பிடிச்சா.

"முருகா! கண் தெரிஞ்சிருந்தால் நான் பஸ்ஸிலை ஏறியிருக்கவே மாட்டன்."